பன்னிரண்டு பூநாரைகள்

அக்காவின் முதலாண்டு நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும் என்று கவிதா கேட்டதும், எழுதிப் பிழைக்கும் நான் ஒரு வாரம் கண்ணில் படாமல் திரிந்தேன். அக்காவின் ஒரே மகள் அவள், விடவில்லை. பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதுகிறவன் நான். உள்ளதைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்குவது என் தொழில். அந்தத் தொழில் மீது அக்காவுக்கு மரியாதை இருந்ததே இல்லை. ஆகவே இதில் ஊதவில்லை.

அக்கா செங்கல்பட்டில், கொளவாய் ஏரிக்குப் பக்கத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் டிப்ளமோவோடு படிப்பை நிறுத்தி, கல்பாக்கம் பக்கத்து ஆய்வகம் ஒன்றில் கருவிகளின் ரீடிங் எடுக்கும் வேலையில் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் இலக்கியம் படித்து உருப்படாமல் போனேன். மாமா திடீரென்று மாரடைப்பில் இறந்தபோதும், பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் அக்கா வேலைக்குப் பஸ் ஏறினார். "முள்ளு காட்டுறத எழுதணும். நாம ஆசப்படுறத எழுதக் கூடாது" என்பார்.

மாமா போன பின் வந்த குளிர்காலத்தில்தான் பறவை பார்க்கத் தொடங்கினார். மார்கழி, தை ஞாயிறுகளில் ஒரு வாரம் வேடந்தாங்கல், மறுவாரம் கோவளத்துக் கழிமுகம். அங்கேயும் ரீடிங் எடுப்பதைப் போலத்தான்: இடம், தண்ணீர் எவ்வளவு, என்ன பறவை, எத்தனை. சந்தேகம் வந்தால் 'தெரியவில்லை' என்று எழுதுவார். அவர் நோட்டில் அந்தச் சொல் ஏராளம். என்னையும் இழுத்துப் போவார். கரையோரம் மண் நிறத்தில் நூறு உருப்படி ஓடிக்கொண்டிருக்கும். அக்கா அதில் நாலு வகை உள்ளான் குருவியைப் பிரித்துச் சொல்வார். நான் டீக்கடை எந்தப் பக்கம் என்று சொல்வேன்.

போன குளிர்காலம் அக்கா கேளம்பாக்கத்தில் கவிதாவின் பிளாட்டில் படுக்கையில் இருந்தார். டாக்டர் எங்களைத் தனியே கூப்பிட்டுச் சொன்னதை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. "உடம்புல சத்து கம்மியாம், தேறிடும்" என்றோம். அக்காவின் கவலையோ நோட்டில் ஒரு குளிர்காலம் விட்டுப்போகிறதே என்பது. நோட்டைக் கொடுத்து என்னைக் கோவளத்துக்கு அனுப்பினார்.

இரண்டு மணி நேரம் நின்றேன். மழைத் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. கொக்கு தெரிந்தது, மற்றதெல்லாம் என் அறிவுக்கு வெறும் பறவை. வெறுங்கையோடு திரும்ப மனம் வரவில்லை. அக்கா பல வருடமாகப் பூநாரைக்குக் காத்திருந்தது எனக்குத் தெரியும். 'பூநாரை, 12' என்று எழுதிக்கொண்டு போனேன்.

அக்கா தானாக எழுந்து உட்கார்ந்தார். பல நாள் கழித்து அந்த முகத்தில் ஒரு வெளிச்சம். அரை நிமிடம் இருந்தது.

"எங்கடா பாத்த?"

"பாலத்தாண்டக்கா."

"தண்ணி?"

"வல கட்டுற மூங்கில் கழி எல்லாம் முழுகிப் போயிகீது."

"அங்க நீ நின்னாலே முழுகிடுவ. பூநாரை இன்னா, ஸ்டூல் போட்டுகினு நின்னுச்சா?"

"இல்லக்கா, பறந்துகினு இருந்துச்சு."

"பறக்கசொல்ல கழுத்த நீட்டிகினு இருந்துச்சா, மடக்கிகினா?"

"மடக்கித்தான்."

"டேய்."

பூநாரை கழுத்தை நீட்டித்தான் பறக்குமாம்.

பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தார். திட்டவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "டாக்டர் இன்னா சொன்னாரு? அதுவும் இந்தப் பூநாரை மாதிரிதானா?"

கவிதா சமையலறைக்குள் போய்விட்டாள். ஊரைச் சிரிக்க வைப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நான் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடினேன். கடைசியில், "மாசி தாண்டாதுன்னாருக்கா" என்றேன்.

"என் ரீடிங்க எங்கிட்டயே மறைச்சிட்டீங்களேடா" என்றார். அவ்வளவுதான். பிறகு, "நாளைக்கு மறுபடியும் போ. தெரிஞ்சா எழுது. தெரியலன்னா தெரியலன்னு எழுது."

மறுநாள் காலை போனேன். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த சூசை, அக்காவை வருடக்கணக்காக அறிந்த மீனவர், "அக்கா வர்லியா? நீ தனியா வந்து இன்னாத்த சார் பாக்கப் போற?" என்றார். நியாயமான கேள்வி. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஒண்ணு தனியா நிக்குதுக்கா. மண்ணு கலரு. புறாவவிட கொஞ்சம் பெருசு. ஒத்தக் கால்ல."

"அலகு எப்பிடி கீது?"

"முதுகுல சொருவிகினு கீது."

"தூங்குதுடா. எழுந்துக்கிற வரைக்கும் நில்லு. நீளமா, வளைஞ்சிகீதான்னு மட்டும் பாரு, பேரு நான் சொல்றேன்."

நின்றேன். அக்காவின் மூச்சு போனில் கேட்டுக்கொண்டிருந்தது. அரை மணி கழித்து நாய் ஒன்று கரையில் ஓடி வந்தது. பறவை கிளம்பிவிட்டது. எனக்குக் கிடைத்தது அதன் முதுகு.

"போயிடுச்சுக்கா. அலகப் பாக்கல."

"சரி. எழுது."

'தெரியவில்லை, 1' என்று எழுதினேன். நோட்டின் கடைசி வரி அதுதான். அந்த வாரமே அக்காவுக்குப் பேச்சு நின்றது. மாசி பிறக்கும் முன் எங்களை விட்டுப் போனார். பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைத் தவிர நான் செய்தது ஒன்றுமில்லை.

தினமும் வந்து அக்காவைப் புரட்டிப் படுக்க வைத்த நர்ஸ் அம்மாவுக்கும், லிஃப்ட் பழுதான அன்று எட்டு மாடி அக்காவைத் தூக்கி இறக்கிய பிளாட்காரர்களுக்கும், அக்கா போன அன்று கடலுக்குப் போகாமல் வந்து நின்ற சூசைக்கும், துக்கத்தில் துணை நின்ற உற்றார் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நான் சொன்ன அடையாளத்தை வைத்து அது இன்ன பறவையாகத்தான் இருக்கும் என்று உறவினர் சிலர் அன்போடு பெயர் சொன்னார்கள். ஆளுக்கொரு பெயர். அவர்களுக்கும் நன்றி. நோட்டில் நான் எதையும் மாற்றவில்லை.