நாலு வேட்டுக்குப் பிறகு

ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும், சூடு ஆறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியைத் துணியில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, மல்லசமுத்திரத்தில் திருச்செங்கோட்டு பஸ் ஏறினேன். அடைகாக்கும் கோழிபோல ஒரு பக்கமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்த என்னைப் பக்கத்துச் சீட்டுப் பெரியவர் வெகுநேரம் பார்த்தார்.

“ஏனுங்க, கையில அடிங்களா?”

“இல்லீங்க. மருந்து.”

“எதுக்குங்க?”

“வம்சத்துக்குங்க” என்று சொல்ல வாய் வந்தது. “சளிக்குங்க” என்றேன். அவருடைய பேரனுக்கும் சளியாம். ஒரு சொட்டுக் கிடைக்குமா என்று கேட்டார்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்படி ஒரு குப்பியோடு ஆஸ்பத்திரி பெஞ்சியில் உட்கார்ந்திருந்தால், தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்யாணமாகி ஆறு வருஷம். பிள்ளை இல்லை. அதற்கான பாடெல்லாம் என் மனைவி பாவாயிதான் பட்டாள். விரதம் இருந்தாள், கோயில் தரையில் மண்சோறு தின்றாள், கசப்பான லேகியங்களை விழுங்கினாள். எனக்கு மீசை நன்றாக இருந்ததால் என்னை யாரும் சந்தேகப்படவில்லை. கடைசியில் சேலத்தில் ஒரு டாக்டரம்மா அவளைப் பார்த்துவிட்டு, “உன்கிட்ட ஒரு குறையும் இல்ல. வீட்டுக்காரரைப் பாக்கச் சொல்லு” என்று திருப்பி அனுப்பினார்.

அதற்குள் என் அம்மா இன்னொரு பெண்ணைப் பார்த்து வைத்துவிட்டாள். தை பிறந்ததும் பேசி முடித்துவிடலாம் என்றாள். பாவாயிக்குத் தாய் வீடு என்று ஒன்று இல்லை. இருந்த ஒரே அண்ணன் செங்கோடனும் செத்துப்போயிருந்தான். எங்கள் வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

திருச்செங்கோட்டு டாக்டர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். அது விந்துப் பரிசோதனை (விந்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி, அதில் உயிரணுக்கள் எத்தனை, எப்படி ஓடுகின்றன என்று பார்ப்பது). என்னையும் பார்க்கச் சொன்னார். சந்தை கலைந்த திடல்போல இருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றிருந்தவையும் வீட்டுக்குப் போக மனமில்லாதவை போல நின்றன.

“என்ன தொழில்?”

“கெணத்துல பாறைக்கு வேட்டு வெக்கறதுங்க.”

“ராத்திரி தூக்கம் உண்டா?”

“மூணு வருசமா இல்லீங்க. எண்ணிக்கிட்டே கெடப்பேன்.”

“எதை?”

அவரிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். பாறையில் குழி போட்டு, வெடிமருந்தைக் கெட்டித்து, திரிகளைப் பற்றவைத்துவிட்டு மேலே ஓடி வந்துவிடுவோம். அப்புறம் காதுதான் வேலை செய்யும். ஐந்து திரி என்றால் ஐந்து சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தால் மறுநாள்வரை யாரும் கிணற்றில் இறங்கக் கூடாது. அன்று நான் நாலு எண்ணினேன். என்னோடு வேலை செய்த செங்கோடன் ஒப்பவில்லை.

“எனக்கு அஞ்சு கேட்டுச்சு மாப்ளே. கடைசி ரெண்டும் சேந்து போச்சு. உன்ர காதுல குரும்பி.”

சிரித்துக்கொண்டே இறங்கினான். துண்டைக் கிணற்று மேட்டில் போட்டுவிட்டுப் போனான்.

ஐந்தாவது, அவன் அடியில் இருக்கும்போது வெடித்தது. என் கணக்குதான் சரி. சரியாக இருந்ததற்காக இவ்வளவு வெறுத்த கணக்கு எனக்கு வேறில்லை.

பிழைப்பு வேறில்லாததால் அந்த வேலையை விடவில்லை. அதற்குப் பிறகு காதும் என்னை விடவில்லை. உலக்கை இடித்தால் எண்ணினேன். கல்யாண வீட்டில் அதிர்வேட்டு போட்டால், நாலுக்குமேல் பந்தியில் சோறு இறங்காது. தென்னையிலிருந்து நெற்று விழுந்தால்கூட அடுத்தது எப்போது என்று காத்திருப்பேன். அந்த இடைவெளியில் காதோரம் ஒரு குரல், “சேந்து போச்சு மாப்ளே” என்று சொல்லும். வீட்டில் ஆணியில் மாட்டியிருந்த அவன் துண்டு காற்றில்லாதபோதும் அசைகிறது என்று பாவாயியிடம் சொல்ல மாட்டேன். அவளும் சொல்ல மாட்டாள். ஆனால் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருப்போம்.

டாக்டர் குறுக்கிடாமல் கேட்டார். “பயந்தா வாய் உலருதில்ல? வருஷக்கணக்கா பயந்தா உள்ளேயும் சிலது உலரும்” என்றார். ஓயாத பயம் சுரப்பிகளை (உடம்பின் வேலைகளை ஏவும் நீரை ஊறவைப்பவை) தடுமாற வைக்கலாம், அதுதான் முழுக் காரணம் என்று சத்தியம் பண்ண மாட்டேன் என்றார். பிறகு ஒன்று சொன்னார். “உயிரணு ஊறி முதிர ரெண்டரை மூணு மாசம் ஆகும். இன்னிக்கு நீ பாத்தது மூணு மாசத்துக்கு முந்தி நீ பட்ட பயம்.”

திரியும் அப்படித்தான். பற்றவைப்பது ஒரு நேரம், சத்தம் வேறொரு நேரம்.

வேட்டு வேலையை விட்டேன். கடலை மண்டியில் மூட்டை தைக்கப் போனேன். கோணி ஊசி சத்தம் போடாது. ராசிபுரத்துச் சித்த வைத்தியர் ஒருவர், இரவில் பாலோடு குடிக்க அமுக்கராக் கிழங்குச் சூரணம் கொடுத்தார். தூக்கத்துக்கும் தாதுவுக்கும் நல்லது என்றார். பூனைக்காலி விதையைப் பாலில் வேகவைத்துத் தோலுரித்துச் சேர்க்கவும் சொன்னார். திருச்செங்கோட்டு டாக்டரிடம் காட்டினேன். “கிழங்கும் விதையும்னா சாப்பிடு. பஸ்பம் கிஸ்பம்னா என்னைக் கேக்காம வாயில போடாதே” என்றார். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

விதையைக் கடையில் வாங்கியிருக்கலாம். வேலியில் கிடைப்பதற்கு எதற்குக் கடை என்று நானே பறிக்கப் போனேன். காய்மேல் பொன்னிறத்தில் மெத்தென்று ரோமம். பூனைக்குட்டிபோல இருக்கிறதே என்று தடவிக்கொடுத்தேன். வேட்டி மடியில் நிறையக் கட்டிக்கொண்டு நடந்தேன்.

பாதி வழியில் அரிப்பு ஆரம்பித்தது. மடியில் எங்கே ஆரம்பிக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. வம்சம் விருத்தியாக வேண்டிய இடம் தீப்பிடித்ததுபோல் எரிய, வேட்டியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு கோவணத்தோடு வீட்டுக்குள் ஓடினேன்.

“என்னுங்க இது கோலம்?”

“மருந்து, பாவாயி! மருந்து வேல செய்யுது!”

சாணியைக் கரைத்துப் பூசிவிட்டவள், பாதியில் விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அண்ணன் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு எப்போது அழுகையானது என்று இருவருக்கும் தெரியாது. அன்றைக்குத்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் நாலு எண்ணியதை, அவன் ஐந்து என்று சொன்னதை, அந்தக் கடைசி வார்த்தைகளை. அவள் எழுந்து போய் ஆணியிலிருந்த துண்டை எடுத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அன்று சாணி நாற்றத்தோடு விடியும்வரை தூங்கினேன்.

தை பிறந்தது. அம்மா வெற்றிலை பாக்கோடு கிளம்பினாள். “கொற அவகிட்ட இல்லம்மா, என்கிட்ட” என்றேன். மீசையை முறுக்கிக்கொண்டு சொல்லக்கூடிய வாக்கியம் அல்ல அது. அம்மா அந்த வெற்றிலையைக் காம்பு கிள்ளித் தானே மடித்துப் போட்டுக்கொண்டாள்.

அடுத்த பரிசோதனையில் திடலில் சந்தை கூடத் தொடங்கியிருந்தது. கிழங்கா, விதையா, தூக்கமா, சத்தமில்லாத ஊசியா, அவளுடைய சிரிப்பா? எது என்று டாக்டருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. தெரியும் என்று சொல்லி உங்களிடம் விற்க யாராவது வந்தால் நம்பாதீர்கள்.

மறு வருஷம் ஒரு மத்தியானம் பாவாயிக்கு வீட்டிலேயே வலி கண்டது. நான் வாசலில் நின்றேன். குழந்தை அழுதது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அப்புறம் சத்தம் இல்லை.

“பொட்டப்புள்ளீங்க சாமி! உள்ள வாங்க!” என்றாள் மருத்துவச்சி.

நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்று குறைந்தால் இறங்கக் கூடாது.

“பாவாயி, நாலுதான் கேட்டுச்சு” என்றேன்.

உள்ளேயிருந்து அவள் குரல், களைத்துப்போய், ஆனால் சிரிப்போடு வந்தது.

“எனக்கு அஞ்சு கேட்டுச்சுங்க. வாங்க.”

அவள் அண்ணன் சொன்ன அதே வார்த்தை. அந்த வார்த்தையை நம்பி நானும் இறங்கினேன்.

மகள் இப்போது ஓடுகிறாள், விழுகிறாள், அழுகிறாள். என் உடம்பு இன்னும் மூன்று மாதம் பின்னால்தான் நடந்து வருகிறது. இன்றைய சந்தோஷத்தை அது இன்னும் கேட்டிருக்காது. எந்தச் சத்தமானாலும் நாலுக்குப் பிறகு இப்போதும் நிற்கிறேன். அந்த இடைவெளியில் செங்கோடன் இருக்கிறான், துண்டில்லாமல், சிரித்தபடி. போ என்று அவனிடம் சொல்வதில்லை. அவன் மருமகளான என் மகள் கையைப் பிடித்து இழுக்கும்வரை இருவரும் கேட்டுக்கொண்டு நிற்கிறோம்.