கேலிப் படங்களில் என் முகத்தைத் தேடிப் போனேன்

போன பங்குனியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். நார்த்தாமலையில் ஓர் அம்மா பெரிய எழுத்தாளர்களையும் சிந்தனையாளர்களையும் கேலி செய்து படம் அச்சடித்து விற்கிறார், உன்னையும் விட்டுவைக்கவில்லை என்று நண்பர் போனில் சொன்னதுதான் காரணம். முப்பது வருடமாக எழுதுகிறேன். பாராட்டித்தான் யாரும் ஒரு வரி எழுதவில்லை, கேலியாவது செய்தார்களே என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

புதுக்கோட்டையில் காலை 9.10க்குத் திருச்சி பஸ். பதினேழு கிலோமீட்டர், இருபது ரூபாய். மெயின் ரோட்டில் இறங்கி ஆட்டோ பிடித்தேன், எண்பது ரூபாய். கோயிலுக்கா என்று கேட்ட டிரைவர், படக்காரம்மா வீடு என்றதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"தனியாவா வந்திருக்கீங்க?"

ஆமாம் என்றேன்.

வீட்டை ஒட்டிய தகர ஷெட்தான் பட்டறை. லினோ என்கிற ரப்பர் போன்ற தகட்டில் அந்த அம்மா படத்தைச் செதுக்கி, மை உருட்டி, மேலே தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்க்கிறார். சுவர் முழுக்கப் படங்கள். எளிமையைப் பற்றிப் பேசும் சிந்தனையாளர், அவருடைய பொன்னாடைகளைச் சுமக்க இரண்டு ஆட்கள். தன் சிலைக்குத் தானே அளவெடுக்கும் கவிஞர். எதன் அடியிலும் பெயர் இல்லை, மூக்கைப் பார்த்தாலே ஆள் தெரிந்துவிடுகிறது. விழுந்து விழுந்து சிரித்தேன். மொத்தம் நாற்பத்திரண்டு படம். இரண்டு தடவை பார்த்தேன். நான் இல்லை.

என் படம் எங்கே என்று வாய்விட்டுக் கேட்டேவிட்டேன். அந்த அம்மா என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, அப்படி யாரையும் வெட்டிய ஞாபகம் இல்லையே என்றார். நண்பர் என்னை நன்றாக ஓட்டியிருக்கிறார். என் முகம் போன போக்கைப் பார்த்து அந்த அம்மாவுக்கே பாவமாகிவிட்டது போல.

"ஒக்காருங்க சார், இப்பவே வெட்டித் தாரேன்."

இரண்டு மணி நேரம், முந்நூறு ரூபாய். சுவர் நிறைய மாட்டிய படங்களுக்கு நடுவில், பூதக்கண்ணாடியோடு குனிந்து தன்னைத் தேடும் ஓர் ஆள். அச்சு அசல் நானேதான். அடடா, எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்போதுதான் அவர் பென்சிலை எடுத்தார்.

"அடியில பேரு போட்ருவோமா சார்? இல்லாட்டி பாக்குறவுகளுக்கு ஆளு தெரியாது. ஒங்க பேரு என்னங்க?"

சொன்னேன்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் ஷெட்டில் உட்கார முடியாது. திரும்பி வர ஆட்டோக்காரரின் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். மலைமேல் இருக்கும் விஜயாலய சோழீஸ்வரம் கோயில் பக்கத்தில்தான், எனக்கு ஏறிப் பார்க்க மனசில்லை. முக்கியமாக, கூட யாரையாவது அழைத்துப் போங்கள். அந்தப் படங்களைப் பார்த்தால் அடக்க முடியாமல் சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டே நான் திரும்பிய ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் யாருமில்லை.