நாங்களே விட்ட ரயில்

போன மாதம் பிரின்சிபாலை நச்சரித்து ஒரு காரியம் சாதித்தேன். என் வகுப்பை வேறு ரூமுக்கு மாற்றிக்கொண்டேன்!

மாட்டுங்காவில் நான் இங்கிலீஷ் கிராமர் எடுத்துவந்த பழைய ரூம் தண்டவாளத்தை ஒட்டியது. லோக்கல் ரயில் வந்தால் என் வாய் அசைவதுதான் தெரியும். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நிற்பேன். பிள்ளைகள் அரட்டை அடிப்பார்கள். ரயில் போனதும் "எங்கே விட்டேன்?" என்பேன். ஒருத்தருக்கும் தெரியாது... எனக்கும்தான்!

புது ரூம் பின்கட்டில். ஜன்னலுக்கு வெளியே ஒரு வாதாம் மரம், அவ்வளவுதான். ஈ பறந்தால் கேட்கும். இனி என் ராஜ்ஜியம் என்று நினைத்தேன்.

என் வகுப்பு ஒரு அவியல். பி.எஸ்ஸி., பி.காம்., பி.ஏ. எல்லாரையும் ஒன்றாகப் போட்டிருப்பார்கள். பிசிக்ஸ்காரனுக்கு ஒவ்வொரு விதிவிலக்குக்கும் காரணம் வேண்டும். காமர்ஸ்காரிக்கு அது பரீட்சைக்கு வருமா என்று தெரிந்தால் போதும். பிலாசபிக்காரனோ, நேற்று என்பதே மாயை, இறந்தகாலம் எதற்கு என்பான். இவர்களிடம் நான் படுகிற பாடு சொல்லி மாளாது.

புது ரூமில் முதல் நாள். "அவரவர் பாடத்தில் செய்த ஒரு வேலையை இறந்தகாலத்தில் சொல்லுங்கள்" என்றேன். எல்லாரும் குனிந்து நோட்டைப் புரட்டினார்கள்.

கெமிஸ்ட்ரி சுடலைமுத்துவை எழுப்பினேன். தாராவிப் பையன், கடைசி வருஷம். அப்பாவுக்குத் தோல் பட்டறையில் வேலை. வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் இவன்தான். இரண்டு வாரத்தில் ட்ராம்பேயில் ஒரு அரசாங்க ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு இன்டர்வியூ. பாடத்தில் புலி. ஆனால் வாயைத் திறக்க வேண்டுமே? எழுந்தான், வியர்த்தான், உட்கார்ந்தான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இப்படி ஊமையா நின்னா யாருடா வேலை கொடுப்பா?"

"பழைய ரூமுக்கே போயிருவோமா மிஸ்?"

"ஏன்?"

"அங்கன ரயிலு வரும்லா..."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. காமர்ஸ் வசந்தா எழுந்தாள். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த வாயாடி.

"மிஸ், ரயில் போறச்சே நாங்க எல்லாரும் இங்கிலீஷ்லதான் பேசிப்போம். தப்பாப் பேசினா யாருக்குக் கேக்கப்போறது? இவன்தான் நிறுத்தவே மாட்டான். வாய் அசையறதைப் பாத்திருக்கோமே!"

அரட்டை என்று நான் முறைத்துக்கொண்டிருந்தேனே, அது என் பாடமா!

ஆனால் பழைய ரூமை வேறு வகுப்புக்குக் கொடுத்தாகிவிட்டது. இன்டர்வியூவோ நெருங்குகிறது. என்ன செய்வது?

"நாங்களே ரயில் விடறோம் மிஸ்!" என்றாள் வசந்தா.

மறுநாள் சுடலை எழுந்ததும் மொத்த வகுப்பும் பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தது. தடக் தடக்... தடக் தடக்... அந்த இரைச்சலுக்குள் பையன் பேசினான்! பக்கத்தில் போய் நின்றால்தான் கேட்டது — கரைசலை எப்படிச் சூடாக்கினான், எப்போது நிறம் மாறியது. நிறையத் தப்பு. இருக்கட்டுமே, பிறகு திருத்திக்கொள்ளலாம். பியூன் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். "ரயில்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

தினமும் இதே கூத்து. இன்டர்வியூவுக்கு முந்தின நாள், சுடலை பேசிக்கொண்டிருக்கும்போது வசந்தா கண்ணைக் காட்டினாள். ஒவ்வொரு பெஞ்சாகக் கைகள் ஓய்ந்தன. பிலாசபிக்காரன் மட்டும் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தான். அவனும் நிறுத்தினான்.

சுடலை நிறுத்தவில்லை. வாதாம் மரத்தைப் பார்த்தபடி, கரைசல் நீலமாகும் வரை சொல்லி முடித்துவிட்டுத் திரும்பினான். எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ரயிலு எப்பம் நின்னுச்சு?" என்றான்.

நான் அழுதுவிட்டேன். மறைப்பானேன்?

தப்புச் செய்து பார்க்க நம் எல்லாருக்குமே ஒரு மறைவு வேண்டியிருக்கிறது. குளிக்கும்போது மட்டும் பாடுகிறவர்களைக் கேளுங்கள், தெரியும்!

போன வாரம் சுடலை ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வந்தான். வேலை கிடைத்துவிட்டது!

"அங்கே எப்படிடா பேசினே?"

"மனசுக்குள்ள ரயில விட்டுக்கிட்டேன் மிஸ்."

ட்ராம்பேக்கு ஸ்டாஃப் பஸ்ஸில்தான் போக வேண்டுமாம். போகட்டும்... இனி அவனுக்கு ரயில் எதற்கு?