முப்பது தோட்டா

ஆண்டியப்பனுக்கு இரண்டு வேலைதான் தெரியும். இளவயதில் பட்டாளத்தில் மெஷின் கன் சுட்டார். திரும்பி வந்து தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டினார். இப்போது மூன்றாவதாக ஒரு வேலை வந்திருக்கிறது: மகள் ரூபினி பெற்ற பேரனைத் தொட்டிலில் ஆட்டுவது. அதற்கு ஈடாக உலகத்தில் வேலையே இல்லை என்பார்.

புதன்கிழமை மட்டும் தொட்டில் மனைவி சீதாவின் கைக்குப் போகும். அன்று கீழே தானா ராத்தா பட்டணத்தில் சாப்பாட்டுக்கடையை அடைத்துவிட்டு நண்பர் அப்துல் சுக்கூர் மேலே வருவார், ஒரு பெட்டி நிறையக் கட்டைவிரல் உயரப் பொம்மைச் சிப்பாய்களோடு. மேசையில் பச்சைத் துணியை விரித்து, அடியில் தேயிலை டின்னைச் செருகினால் மலை. நீல ரிப்பன் ஆறு. பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள்.

விளையாட்டோடு வந்த சட்டப் புத்தகம் சுக்கூருக்குப் பிடிக்கவில்லை.

"மெஷின் கன்னுக்கு ஒரே உருட்டுல ஆறு பேரு சாவுறானாம்ணே. நெசமா சுட்டவரு நீங்க. எப்படி வைக்கலாம், சொல்லுங்க."

"அது கொல்றதுக்கு இல்ல பாய். எதிராளிய தலை தூக்க விடாம அமுக்கி வைக்கறதுக்கு. மூணு தோட்டா, நாலு தோட்டா, விட்டு விட்டு அடிக்கணும். சத்தம் கேக்கற வரைக்கும் நம்மாளு நடப்பான்."

"சரி, அப்ப எதிராளி படுத்துக் கெடப்பான். பகடையில ஒண்ணு விழுந்தா கன் ஜாம். ஒங்களுக்கு ஆன மாதிரி."

அந்தக் கதை வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சயாம் எல்லைக் காட்டில் ஓர் ஆறு. அக்கரையில் அடிபட்டுக் கிடந்த ஒருவனைத் தூக்கிவர சீதாவின் அண்ணன் திருச்செல்வம் இறங்கினார். ஆண்டியப்பன் சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். துப்பாக்கி சிக்கிக்கொண்டது, திருச்செல்வம் கரையேறவில்லை. சீதாவைப் பெண் கேட்டுப் போனபோதும் ஆண்டியப்பன் இதைத்தான் சொன்னார்.

சுக்கூர் பென்சிலை எடுத்தார். சமையலறை வாசலில் சீதா பிள்ளையைத் தோளில் போட்டபடி நின்றிருந்தார்.

"எழுதாதீங்க பாய்" என்றார் ஆண்டியப்பன். "அது ஜாம் ஆகல."

"என்னண்ணே சொல்றீங்க?"

"மேகசின்ல முப்பது தோட்டா. பயத்துல நான் வெரல எடுக்கல. ஒரே மூச்சுல காலி. பக்கத்துல இருந்து மாத்திக் குடுக்கற ஆளே திருச்செல்வந்தான். அவன் தண்ணியில நிக்கறான். நான் தனியா மாத்துனேன்."

பிள்ளை ஒருமுறை விக்கியது.

"மாத்த எவ்வளவு நேரமாச்சு?" சீதாதான் கேட்டார்.

"பத்து எண்ணலாம்."

சீதா பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே வாய்விட்டு எண்ணினார். ஏழு வரும்போதே ஆண்டியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். சீதா பத்து வரை நிறுத்தவில்லை.

"நாப்பத்தாறு வருஷமா அந்தத் துப்பாக்கிய ஏசிக்கிட்டு இருந்தேன் லா" என்றார் சீதா.

சீதா சுக்கூர் பக்கம் திரும்பினார்.

"நடந்தபடி எழுதுங்க பாய்."

சுக்கூர் எழுதினார்: விட்டு விட்டு அடித்தால் இரண்டு பகடை, எப்போதும். விரலை எடுக்காமல் அடித்தால் ஆறு பகடை. அடுத்த முறை துப்பாக்கி பேசாது. பக்கத்து ஆள் இல்லையென்றால் அதற்கடுத்த முறையும் பேசாது.

சீதா பேரனைக் கணவர் மடியில் வைத்தார்.

"கெட்டியா புடிங்க. இதுல அண்ணன் எது?"

ஆண்டியப்பன் நீல ரிப்பனைக் காட்டினார். அதன்மேல் நின்ற சிப்பாயை சீதா எடுத்து, துப்பாக்கிக்காரன் பக்கத்தில் வைத்தார்.

"இன்னைக்கு வேற யாரையாச்சும் அனுப்புங்க."