இரவல் நாக்கு

வீட்டிலேயே சோப்பு காய்ச்சி விற்கிற சோப்பக்காவுக்குச் சோதனைக்கூடமெல்லாம் கிடையாது, நாக்குதான். எண்ணெயோடு சேராத காஸ்டிக் சோடா துளி மிச்சம் நின்றாலும், ஈரக் கட்டியில் நுனிநாக்கை வைத்த மாத்திரத்தில் சுருக்கென்று கடிக்கும். கடித்த கட்டி வாசலைத் தாண்டாது. அவள் சோப்பால் தெருவில் ஒருத்தருக்கும் அரிப்பு, தடிப்பு என்று வந்ததில்லை. மருந்துக் கடைக்காரர் காரம் பார்க்கிற தாள் வாங்கச் சொன்னபோது, "தாளுக்கு என்னங்க தெரியும்?" என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். அந்தத் திமிருக்குத்தான் ஆப்பு வந்தது.

அன்று மத்தியானம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். ஊசி போட்டதில் நாக்கு கட்டையாகக் கிடந்தது. கடைக்காரரோ சோப்பு எடுக்க வந்துகொண்டிருக்கிறார். சரக்கு நன்றாயிருந்தால் கடை அலமாரியில் ஒரு தட்டே இவளுக்கு. ஆனால் சோடாவை எடை போட்ட அன்று தராசு பேயாட்டம் ஆடியது நினைவுக்கு வந்து தொலைத்தது. கைக்குழந்தை மேலும் படுகிற சாமானாயிற்றே! இரவல் நாக்கு தேடுவதைத் தவிர வேறு வழியில்லை.

தையல் மிஷினில் இருந்த கணவரை எழுப்பினாள். "என்னங்க, இத லேசா நக்கிப் பாருங்க."

"நானா?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரரையா கூப்பிடுவேன்?"

மனுஷன் நக்கினார். "சூப்பர்," என்றார். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் வேறு வார்த்தை வந்ததில்லை.

மாடியிலிருந்த நாத்தனாரைக் கூப்பிட்டாள். "தூ! நெருப்பு!" என்றாள் அவள். கட்டி அவள் வாய்ப் பக்கமே போகவில்லை.

ஒருத்தர் எதையும் குறை சொல்லமாட்டார், ஒருத்தி எதையும் நல்லதென்று சொல்லமாட்டாள். சோப்பக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. சட்டென்று உள்ளே போனாள். அதே கட்டியை நனைத்து, பளபளவென்றிருந்த ஒரு பழைய டப்பாவில் வைத்து எடுத்து வந்தாள்.

"அது கெடக்கட்டும். இது பெரிய கம்பெனி சோப்பு. என்னோடதெல்லாம் இதுகிட்ட நிக்கவே முடியாதாம். நீயே சொல்லு."

நாத்தனார் முகம் மலர்ந்தது. ஆசையாக நாக்கை நீட்டி ஒரு இழுப்பு இழுத்தாள். "பாத்தீங்களா அண்ணி, இதுல்ல சோ... ஐயோ! கரண்ட் அடிக்குது! தண்ணி, தண்ணி!"

வந்து சேர்ந்த கடைக்காரர் முதலில் பார்த்தது, குழாயடியில் கொப்பளித்துக்கொண்டிருந்த நாத்தனாரைத்தான்.

"இன்னிக்குக் குடுக்க முடியாதுங்க. கடிக்குது. துருவி, எண்ணெய் சேத்து மறுபடி காய்ச்சணும்," என்றாள் சோப்பக்கா, கோணல் வாயோடு.

"தட்டு எங்கயும் போயிடாது. ஆனா அடுத்த தடவ தாளும் காட்டணும்," என்றார் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"தாள ரெண்டு கட்டாவே குடுங்க."

மரப்பு விட்டதும் சாப்பாடு போட்டாள். கணவர் சோற்றைத் தொடாமல் பச்சைத் தண்ணீரையே வாயில் அடக்கிக்கொண்டிருந்தார்.

"நாக்கக் காட்டுங்க."

நுனி செக்கச்செவேலென்று இருந்தது.

"எரிஞ்சுதா?"

"லேசா."

"அப்ப ஏன் சூப்பர்னீங்க?"

"நீ கஷ்டப்பட்டு செஞ்சதாச்சே."

சோப்பக்காவுக்கு நெஞ்சு இளகிப் போயிற்று. இளகின கையோடு இன்னொன்றும் உறைத்தது.

"அப்ப இத்தன வருஷமா என் சமையல்?"

அவர் அவசர அவசரமாக ஒரு கவளம் அள்ளிப் போட்டுக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது.

"சூப்பர்," என்றார்.