ஆமென் சொல்லாத சாட்சி

ஜெபாவுக்கு வாய் நீளம் என்று எங்கள் சபையில் சொல்லுவார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த வாய் இல்லாவிட்டால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் இன்றைக்கும் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

படாளத்தில் அடுத்தவர் கழனியில் நாற்று நட்ட அம்மாவின் மகள் அவள். வேதியியல் படித்தாள், கல்யாணமாகி நெம்மேலிக்கு வந்தாள், கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். வாரமெல்லாம் தண்ணீரோடு மல்லுக்கட்டிவிட்டு, ஓய்வு நாளில் எங்கள் பிள்ளைகளோடு மல்லுக்கட்ட வருவாள். அந்த வகுப்புதான் அவளுக்கு உயிர். நான் பக்கத்து அறையில் பாட்டு சொல்லிக்கொடுப்பவள், கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சிக்கல், படைப்பின் இரண்டாம் நாள் பாடத்தில் வந்தது. வானத்துக்கு மேலே இருக்கிற தண்ணீரையும் கீழே இருக்கிற தண்ணீரையும் கடவுள் பிரித்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது சின்னப் பெண் கீர்த்தனா எழுந்தாள்.

"டீச்சர், மேல தண்ணி கீதா? அப்ப ராக்கெட்டு நனைஞ்சிடாதா?"

வேறு யாராக இருந்தாலும் "வாய மூடிக்கினு உக்காரு" என்றிருப்பார்கள். ஜெபா சிரித்துவிட்டாள்.

"மேல கடல் எதுவும் இல்ல கண்ணு. அந்தக் காலத்து ஜனங்க, வானம் நீலமா கீதேன்னு அங்கயும் ஒரு கடல் கீதுன்னு நெனைச்சாங்க. அது அவங்க கற்பனை. ஆனா அவங்க சொல்ல வந்தது பொய் இல்ல. கலங்கிக் கெடந்தத கடவுள் பிரிச்சி, நாம வாழ எடம் பண்ணாருன்னு சொன்னாங்க. உனக்கு எப்படித் தோணுதோ வரைஞ்சி காட்டு."

கீர்த்தனாவின் அப்பா அதே ஆலையில் குழாய் பொருத்துகிறவர். அவள் வரைந்த கடவுள் மஞ்சள் ஹெல்மெட் போட்டிருந்தார். ஒரு குழாயில் உப்புத் தண்ணீர், இன்னொன்றில் நல்ல தண்ணீர். ஜெபா அதை வகுப்புச் சுவரில் ஒட்டினாள்.

விஷயம் தெரிந்து சபைக் கமிட்டி கூடிவிட்டது. கடவுளுக்கு ஹெல்மெட்டா என்று செயலாளர் குதித்தார். அவர் பைக்கில் ஒரு நாளும் ஹெல்மெட் போட்டதில்லை, அது வேறு விஷயம். வேதத்தைக் கற்பனை என்றது அதைவிடப் பெரிய குற்றமாம். போதகர் ஏசுதாஸ் நல்ல மனிதர்தான், ஆனால் கமிட்டி என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"சாட்சி நேரத்துல எழுந்து மன்னிப்பு கேட்டுடும்மா. இல்லன்னா உன் வகுப்பு வேற யாருக்காவது போயிடும்" என்றார்.

கடவுள் தனக்குச் செய்த நன்மையைச் சபை நடுவே எழுந்து சொல்வதுதான் சாட்சி. எங்கள் சபையில் அதற்கு ஒரு முறை உண்டு. 'ஸ்தோத்திரம்' என்று ஆரம்பித்து 'ஆமென்' என்று முடிக்க வேண்டும். ஆமென் வரும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது. பேசினால் ஆவியானவரைத் துக்கப்படுத்துவதாகும். கமிட்டியே போட்ட சட்டம். இதனால் சில மூட்டுவலிச் சாட்சிகள் பிரியாணி ஆறுகிறவரை நீண்டிருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை ஜெபா எழுந்தாள்.

"ஸ்தோத்திரம். கழனிக்காரங்க வூட்டு முன்னால எங்கம்மாவ தலை நிமிர வுடல. இந்தச் சபைதான், நீயும் கடவுளோட சாயல், நிமிர்ந்து கேளுன்னு சொல்லிச்சி. கேட்டதாலதான் நான் படிச்சேன். படிச்சதால விசுவாசம் கொறையல, ஏறிகினுதான் கீது. கோடிக்கணக்கான வருசமா வேல செஞ்சிகினு கீறவரு எனக்குப் பெரியவராத்தான் தெரியறாரு. ஒரு கொழந்த கேள்வி கேட்டா ஒடைஞ்சிடுவாருன்னு பயப்படறீங்களே, உங்க கடவுள்தான் சின்னவரு. நான் இன்னா தப்பு செஞ்சேன், மன்னிப்பு கேக்கறதுக்கு? கேக்க மாட்டேன். அந்தப் படத்துல யாரையும் கை வைக்க வுட மாட்டேன்."

செயலாளர் பாதி எழுந்தார். போதகர் கையைக் காட்டி உட்கார வைத்தார். ஆமென் வரவில்லையே! சபை மொத்தமும் காத்திருந்தது. ஜெபா முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"முடிச்சிடும்மா" என்றார் போதகர், மெதுவாக.

"இன்னும் முடியலைங்க ஐயா. மீதிய வகுப்புல பிள்ளைங்களோட பேசிக்கிறேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்படி ஒரு பெருமை.

அடுத்த ஞாயிறு செயலாளர் விடவில்லை. வகுப்புச் சாவியைக் கேட்டு வாசலில் வந்து நின்றார். சுவரில் மஞ்சள் ஹெல்மெட் அப்படியே இருந்தது. ஜெபா வாயைத் திறப்பதற்குள் கீர்த்தனா முந்திக்கொண்டாள்.

"டீச்சர் இன்னும் ஆமென் சொல்லல அங்கிள். குறுக்க பேசாதீங்க."