சுருங்கும் அணித் தலைவி

வெண்டைக்காய் நறுக்கும்போதுதான் விஜயஸ்ரீ டீச்சருக்குப் பேப்பர் படிக்க நேரம். புத்தாயிரத்தில் உலகம் அழியும் என்று யாரோ சோதிடர் எழுதியிருந்த பக்கத்தின் மேல் அன்றைக்குக் காம்பெல்லாம் குவிந்தது. "அழியுமாம்லா. யார்ட்ட கேட்டுட்டு எழுதுதான் இவன்?" என்றார். கணவர் சங்கர் காபியை எடுத்துக்கொண்டு பைய வாசல் பக்கம் நகர்ந்தார். கல்யாண அனுபவம்.

டீச்சர் தச்சநல்லூர்க்காரர். பெண்கள் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர், ஊருக்கு டீச்சர்தான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ராசிபலன் படித்தால் வண்ணார்பேட்டை வருவதற்குள் ஒரு சண்டை நிச்சயம். கொதிநிலை கொஞ்சம் குறைவு அவருக்கு.

மேடைக்குக் கூப்பிட்டால் எந்த ஊருக்கும் போவார். பிரபஞ்சம் விரிகிறது, ஆனால் ஈர்ப்பு அதைப் பிடித்து இழுக்கிறது, மேலே எறிந்த பந்து போல ஒருநாள் நின்று, திரும்பிச் சுருங்கும் என்பது அவருடைய பிரசித்தமான பேச்சு. கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும்.

போன வருஷம், தொண்ணூற்றெட்டில், அந்தப் பேச்சில் மண் விழுந்தது. வெடிக்கும் நட்சத்திரங்களில் ஒரு வகை உண்டு. எங்கே வெடித்தாலும் கிட்டத்தட்ட ஒரே பிரகாசம். ஆற்றுப்பாலத்து விளக்குகள் மாதிரி, மங்கலாகத் தெரிந்தால் தொலைவில் இருக்கிறது என்று அர்த்தம். விரிவின் வேகம் எவ்வளவு குறைகிறது என்று அளக்கத்தான் வானியலாளர்கள் அவற்றைத் தேடிப் போனார்கள். எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன, அதாவது இன்னும் தொலைவுக்குப் போயிருந்தன. வேகம் குறையவில்லை, கூடுகிறது. இரண்டு குழுக்கள் தனித்தனியாகப் பார்த்தும் அதே விடை. டீச்சர் சில நாள் அந்தச் செய்தியையே திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு, "அளந்துட்டாவல்லா, இனி என்ன" என்று பழைய பேச்சை விட்டுவிட்டார்.

வள்ளியூர் வாசகர் வட்டத்துக்கு இது தெரியாது. பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகுமா, சுருங்குமா என்று பட்டிமன்றம் வைத்து, சுருங்கும் அணிக்கு அவரைத் தலைவியாகப் போட்டு நோட்டீஸும் அடித்துவிட்டார்கள். நடுவர், வக்கீல் காந்திமதிநாதன். அவரை வீட்டிலேயே போய்ப் பார்த்து அணியை மாற்றச் சொன்னார் டீச்சர்.

"நோட்டீஸ் அடிச்சாச்சே தங்கச்சி. எந்த அணின்னா என்ன? நமக்குப் பேச்சுதான முக்கியம். கடைசில ரெண்டும் சரின்னு நான் தீர்ப்பு சொல்லிருதேன்."

"ரெண்டும் எப்படி அண்ணாச்சி சரியாவும்? அவிய அளந்துல்லா சொல்லுதாவ."

"சனங்களுக்கு அதெல்லாம் எதுக்கு? வந்தமா, சிரிச்சமான்னு போவட்டும்."

பிரபஞ்சத்தின் தலையெழுத்தைக் கைதட்டலை வைத்தா முடிவு செய்வது? வீடு வந்து சேரும்வரை டீச்சர் பொரிந்து தள்ளினார். "சனங்கன்னா என்ன, ஒண்ணும் தெரியாத மாக்கானுவளா? தப்புன்னு தெரிஞ்சத எப்படி நின்னு பேசுவேன்?" போகாமல் இருந்துவிடேன் என்று சங்கர் சொன்னதுதான் தாமதம், அவர் மேலேயும் பாய்ந்தார். "நா போவாட்டா இன்னொருத்தன் வந்து என் பழைய பேச்சையே பேசுவான். அதையும் நம்பிட்டுல்லா போவாங்க."

போனார். மைதானம் நிறையக் கூட்டம். நடுவர் பேரைச் சொல்லி அழைத்ததும் மைக்கின் முன் வந்து நின்றார். "இத்தன வருசமா சுருங்கும்னு பேசினேன். அப்பம் தெரிஞ்சது அம்புட்டுதான். இப்பம் அளந்து பாத்ததுல வேகம் கூடிட்டே போவுது. சுருங்காதுன்னுதான் தெரியுது."

நடுவர் மணியைத் தட்டினார். "தலைவியே கட்சி மாறுனா எப்படிம்மா? அந்தப் பக்கம் பேசணும்னா அந்த அணியிலல்லா இருக்கணும்" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. மைக்கை விட்டு வந்து, தன் பிளாஸ்டிக் நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, நடுவரின் மேசைக்கு முன்னாலேயே மேடையைக் கடந்து, எதிரணி வரிசையின் கடைசியில் போட்டு உட்கார்ந்தார்.